டிப்ஸ் கொடுக்காதவரின் பில்லை ஊருக்குக் காட்டலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரில் வசிக்கும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சென்ற வாரம் ஓர் உணவகத்தில் 64 டாலர் பில்லுக்கு நான் 3 டாலர் டிப்ஸ் வைத்தேன். மகன் பதறிப்போய் மேலும் 10 டாலரை வைத்துவிட்டு வந்தான். சாப்பாட்டுக்கு விலை கொடுத்த பிறகு, பரிமாறியவருக்குச் சம்பளமும் நாமே கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நியாயம் இல்லைதான். ஆனாலும் உங்கள் மகன் செய்தது சரி.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு மணிக்கு 7.25 டாலர் குறைந்தபட்சக் கூலி. 2009 முதல் அது உயரவில்லை. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கோ முதலாளி தம் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். அந்தத் தொகை 1991 முதல் அப்படியே நிற்கிறது, டெக்சாஸும் அதையேதான் பின்பற்றுகிறது. இடைப்பட்ட பணத்தை வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு மேசைவாரியாகப் பார்க்கப்படுவதில்லை. ஒரு வாரம் முழுவதற்குமாகப் பார்க்கப்படுகிறது. ஆகவே உங்கள் மேசையில் குறைந்த 10 டாலர், பெரும்பாலும் முதலாளியின் பையிலிருந்து போகாமல் பரிமாறியவரின் பையிலிருந்தே போகும். பல உணவகங்களில், அவர் விற்பனைத் தொகையில் ஒரு பங்கை மேசை துடைப்பவருக்கும் பானம் கலப்பவருக்கும் பிரித்துத் தர வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. அங்கே ஒன்றுமே வைக்காமல் எழுந்து போகிறவர், பரிமாறியவரைத் தம் கைப்பணத்தை இழக்கவே வைக்கிறார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் அழகான வரலாறு எதுவும் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் பணியாளர்களாக அமர்த்தி, சொற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளின் தயவுக்கு விட்டது. உணவகங்களும் விடுதிகளும் அதே வழியில் போயின. அமெரிக்கர்கள் எல்லோரும் இதை மகிழ்ந்து ஏற்றார்கள் என்று எண்ண வேண்டாம். 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே இயற்றியது, வேறு சில மாநிலங்களும் அதைப் பின்பற்றின. 1926க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. டிப்ஸைக் கூலியின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ள முதலாளிகளுக்கு உரிமை தந்தது 1966ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். உங்கள் கோபத்தை இந்தச் சட்டத்தின் மேல் திருப்புங்கள். தட்டை எடுத்துப் போனவர் மேல் திருப்பாதீர்கள்.

உட்கார வைத்துப் பரிமாறும் உணவகத்தில், வரி சேர்ப்பதற்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் வைப்பது இன்றைய வழக்கம். பெரிய குழுவாகப் போனால் அதைப் பில்லிலேயே சேர்த்திருக்கலாம் என்பதால், ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு டிப்ஸ் தொகையை எழுதுங்கள். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் பரிமாறுபவருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஆனால் அங்கும் வழக்கம் மாறவில்லை.

கேள்வி: காபிக் கடையில் நானே போய்க் கோப்பையை வாங்கிக்கொள்கிறேன். அதற்கும் திரையைத் திருப்பிக் காட்டி 18, 20, 25 சதவீதம் கேட்கிறார்களே?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தயங்காமல் 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். அங்கே நிற்பவருக்குப் பொதுவாக வழக்கமான கூலி உண்டு. மனம் வந்தால் ஒரு டாலர் வையுங்கள். வராவிட்டால் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது என்பதாலேயே அது கடமையாகிவிடாது.

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் மகள், கல்லூரியில் படித்துக்கொண்டே நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்கிறாள். 120 டாலருக்குச் சாப்பிட்ட ஒருவர் டிப்ஸ் இடத்தில் பூஜ்யம் போட்டு, அவளை இழிவாக ஒரு வரியும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கையெழுத்தோடு அந்தச் சீட்டைப் படம் பிடித்து இணையத்தில் போடப் போவதாகச் சொல்கிறாள். "அவர்கள் மட்டும் என் பெயரைப் போட்டு ஒற்றை நட்சத்திரம் தரலாமா அம்மா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மகளின் கோபத்தில் தவறில்லை, வெட்கப்பட வேண்டியவர் அந்த வரியை எழுதியவர். ஆனாலும் படத்தைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2013 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆப்பிள்பீஸ் உணவகம் ஒன்றுக்குப் பெரிய குழுவோடு வந்த ஒரு கிறிஸ்தவப் போதகர், பில்லில் தானாகச் சேர்ந்திருந்த 18 சதவீதத்தை அடித்துவிட்டு, கடவுளுக்கே தாம் 10 சதவீதம்தான் தருவதாகவும் பரிமாறுபவருக்கு எதற்கு 18 என்றும் எழுதினார். அவருக்குப் பரிமாறியவரோடு வேலை பார்த்த இன்னொரு பெண் அந்தச் சீட்டைப் படம் எடுத்து ரெடிட் என்ற இணையத் தளத்தில் போட்டார். இணையத்தில் இருந்தவர்கள் கையெழுத்தை வைத்தே போதகர் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் உணவகத்திடம் முறையிட, வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை மீறியதாகச் சொல்லி, படம் போட்ட பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு அதே கூட்டம் உணவக நிறுவனத்தின் மேல் பாய்ந்தது. போதகர் மன்னிப்புக் கேட்டார், பெண்ணுக்கு வேலை போயிற்று, நிறுவனத்துக்குப் பெயர் கெட்டது, மத்தியச் சட்டத்தின் 2.13 டாலர் மட்டும் 2.13 டாலராகவே இருந்தது.

அந்தச் சீட்டாவது உண்மையானது. அதே 2013இன் நவம்பரில், உங்கள் மகள் இருக்கும் நியூ ஜெர்சியிலேயே பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில், தன் பாலின விருப்பத்தைக் கண்டித்து எழுதிவிட்டு ஒரு குடும்பம் டிப்ஸ் தராமல் போய்விட்டதாக ஒரு பரிமாறுபவர் சீட்டின் படத்தை வெளியிட்டார். நாடெங்கிலுமிருந்து முன்பின் தெரியாதவர்கள் அவருக்குப் பணம் அனுப்பினார்கள். பிறகு அந்தக் குடும்பம் தங்களிடமிருந்த பில்லையும் அட்டைக் கணக்கையும் தொலைக்காட்சியிடம் காட்டியது: 93.55 டாலருக்கு அவர்கள் 18 டாலர் டிப்ஸ் வைத்திருந்தார்கள். 2018 ஜூலையில் டெக்சாஸின் ஒடெசா நகரிலும் இப்படி ஒன்று நடந்தது. பரிமாறுபவரின் பெயரைப் பார்த்துப் 'பயங்கரவாதி' என்று எழுதியதாகச் சொல்லப்பட்ட வாடிக்கையாளரை இனி உள்ளே விடமாட்டோம் என்று உணவகம் அறிவித்தது. சில நாட்களிலேயே, அதை எழுதியது தங்கள் ஊழியரேதான் என்று அந்த உணவகமே ஒப்புக்கொண்டது.

உங்கள் மகள் அப்படிப்பட்டவள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு அவளும் ஒடெசாக்காரரும் ஒன்றுதான். அமெரிக்க உணவகங்களில் சீட்டு வழக்கமாக இரண்டாக வருகிறது. டிப்ஸ் எழுதிக் கையெழுத்திட்ட பிரதி கடையில் தங்கிவிடும், வாடிக்கையாளர் கையிலிருப்பதைப் பலர் நிரப்பாமலேயே கசக்கி எறிந்துவிடுவார்கள். ஆகவே வெளியிடப்படும் சீட்டு எப்போதும் ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கும் சாட்சி. பிரிட்ஜ்வாட்டர் குடும்பம் தன் பிரதியை வைத்திருந்ததால் தப்பியது. வைத்திருக்காதவர் என்ன செய்வார்? டிப்ஸ் தராதது கஞ்சத்தனமாக இருக்கலாம், ஆணவமாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவரின் பெயரும் கையெழுத்தும் பல லட்சம் பேர் கையில் போய், அவர் வேலை பார்க்கும் இடத்துக்குத் தொலைபேசி போகும் அளவுக்கு அது குற்றமில்லை. தண்டனை எங்கே நிற்க வேண்டும் என்பதைப் படம் போட்டவரால் பிறகு முடிவு செய்யவும் முடியாது.

ஒற்றை நட்சத்திரத்தைப் பற்றி உங்கள் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பரிமாறுபவரைப் பெயர் சொல்லித் தாக்கும் விமர்சனமும் இதே அளவு தவறுதான்; குறையிருந்தால் கடையைப் பற்றி எழுதட்டும், சொற்பக் கூலிக்கு நிற்பவரைப் பற்றி எழுத வேண்டாம். அதற்காக அவள் பதிலடி கொடுத்தால் தவறு இரண்டாகுமே தவிர, கணக்கு நேராகாது.

அவள் செய்யக்கூடியது உண்டு. அந்தச் சீட்டை மேலாளரிடம் காட்டி, அப்படி எழுதியவருக்கு இனி இடம் இல்லை என்று சொல்லும்படி எழுத்து மூலம் கேட்கலாம். மிரட்டல் இருந்தால் காவல்துறையிடம் போக வேண்டும். வாரக் கணக்கில் டிப்ஸும் கூலியும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியை எட்டாமல், முதலாளி ஈடுகட்டவும் மறுத்தால், தொழிலாளர் துறையின் கூலி மற்றும் வேலைநேரப் பிரிவில் புகார் தரலாம். மேலாளரோ கண்காணிப்பாளரோ டிப்ஸில் பங்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018 முதல் சட்டமும் இருக்கிறது. அதையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: சென்னையில் ஓர் உணவகத்தில் பில்லில் இருந்த 10 சதவீதச் சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொன்னேன். மேலாளர் வாக்குவாதம் செய்தபடியே கைப்பேசியில் என்னைப் படம் பிடித்தார். வெளியிட்டால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது; உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எனவே நீங்கள் கேட்டது உங்கள் உரிமை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லின் நகலோடு புகார் பதிவு செய்யுங்கள். காணொளி வெளிவந்து அது உங்களை இழிவுபடுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. சொன்னது உண்மை என்பது மட்டும் அங்கே போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் மேலாளர் காட்ட வேண்டும். ஆனால் இப்போதே அவருடைய படத்தை நீங்கள் வெளியிட்டு முந்திக்கொள்ளாதீர்கள். பரிமாறியவர் மேல் உங்களுக்கு வருத்தம் இல்லையென்றால், சர்வீஸ் சார்ஜை நீக்கிய கையோடு அவர் கையில் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பில்லில் சேரும் 10 சதவீதத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது, கையில் கொடுத்தது அவருக்குத்தான் போகும்.