வேலூரில் புதிதாக ஓடத் தொடங்குகிறேன், 2 நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. எப்படிப் பழகுவது?

காரணம் பெரும்பாலும் வேகம்தான். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். வேக நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்றாலும் பரவாயில்லை.

முதலில் 5 நிமிடம் நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 8 முறை. முடிவில் 5 நிமிடம் மெதுநடை. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் 3 நாள் போதும். இரண்டு வாரம் இப்படியே போகட்டும். பிறகு ஓட்டத்தை 2 நிமிடமாக்கலாம்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். இதை மறந்து, "இன்றைக்கு நன்றாக ஓட வருகிறதே" என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. அந்த எலும்பில் விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் ஓடவே வேண்டாம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நுண்விரிசலாக இருக்கலாம்.

பாலாற்று மணலில் ஓடினால் கால் வலுக்கும் என்பார்கள். புதியவருக்கு அது ஆகாது. குதிகால் புதையப் புதைய, அதன் பின்னாலுள்ள தசைநாண் இழுபடும். கோட்டைப் பக்கச் சமதரையே நல்லது.

சித்திரையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; மாலையிலும் தார்ச்சாலை அனலடிக்கும். காலை 6 மணிக்குள் ஓடி முடித்து, உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். ஓடும்போது தலைசுற்றினாலோ உடம்பு சிலிர்த்தாலோ உடனே நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.