ஸ்வெட்டர் கிழியவில்லை, ஊசி தேவையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். நேற்று முன்தினம் பக்கத்து வீட்டு நாய் சோறு தின்னும்போது என் 4 வயது மகள் அதைத் தடவப் போக, கையைக் கவ்விவிட்டது. ஸ்வெட்டர் கிழியவில்லை. உள்ளே இரண்டு சிவப்புக் கீறல், ரத்தம் இல்லை. மாமியார் மஞ்சள் பூசினார். தடுப்பூசி போட்ட நாய்தான் என்கிறார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே என்று மாமியாருக்குப் பயம். ஊசி தேவையா? இனி குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தேவை. இன்றே அழைத்துப் போங்கள். இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். முதல் ஊசி போடும் நாளிலிருந்துதான் கணக்கு.

கம்பளி கிழியாமலே அடியில் தோல் உரியும், எச்சிலும் ஊறி இறங்கும். அதனால் எப்போது கவ்வினாலும் எல்லா உடுப்பையும் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அந்த ஸ்வெட்டரையும் சோப்புப் போட்டுத் துவைத்துவிடுங்கள்.

புறப்படும் முன் மஞ்சளை அகற்றி, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். தாமதமானாலும் இதை விடக்கூடாது. ரேபிஸ் கிருமியின் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைக்கிறது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருப்பதால் குழந்தை அழும், ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவோம். வெதுவெதுப்பான நீரை மக்கில் எடுத்து விடாமல் ஊற்றுங்கள். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவலாம். கட்டுப் போடாதீர்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அவை காயத்தை உறுத்தும், கிருமியைக் கொல்லாது.

உங்கள் மாமியார் சொல்லும் 14 ஊசி ஒரு காலத்தில் உண்மை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தின் தயாரிப்பு 2004-இல் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் தோலுக்குள் இரு கைகளிலும் 0.1 மி.லி. வீதம் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). தசையில் போட்டால் 14-ஆம் நாளும் சேர்த்து ஐந்து ஊசி. இடுப்பில் போடக்கூடாது, அங்குள்ள கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்யாது.

துளி ரத்தம் கசிந்திருந்தாலோ, புண்ணில் நாய் நக்கியிருந்தாலோ ஊசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். முதல் ஊசியன்றே போடுவது நல்லது. தவறினால் அந்த ஊசியிலிருந்து 7 நாளுக்குள். மருத்துவரிடம் கீறலைக் காட்டி இதைக் கேளுங்கள். டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி பற்றியும் கேளுங்கள்.

நாய்க்குத் தடுப்பூசி போட்டது நல்லதே. ஆனால் அதை நம்பிக் குழந்தையின் ஊசியை நிறுத்தாதீர்கள். நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள். அது நலமாக இருந்தால் 28-ஆம் நாள் ஊசி பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். முழுதாகப் போட்டவர்களுக்கு மறுபடி கடிபட்டால் 0, 3 நாட்களில் இரண்டு தவணை போதும்.

இனி குழந்தையைப் பற்றி. குழந்தைகளைக் கடிப்பது பல நேரம் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான். நாயின் முகமும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதால் தலையிலும் கழுத்திலும் கடி விழுகிறது. மூளைக்கு அருகில் என்பதால் அதுவே மிக ஆபத்து. ஆகவே நாய் இருக்கும் இடத்தில் குழந்தை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் இந்த மூன்றின் அருகிலும் விடவே வேண்டாம். உடல் விறைப்பது, முகத்தைத் திருப்புவது, கண்ணில் வெள்ளை தெரிவது எல்லாம் "விலகு" என்று நாய் சொல்வதுதான். உறுமியதற்காக அடிக்காதீர்கள், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

தெருநாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு ஒட்டி, தரையைப் பார்த்து அசையாமல் நிற்கப் பழக்குங்கள். கீழே விழுந்தால் சுருண்டு படுத்து, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னால் பதியாது, வீட்டில் செய்து காட்டுங்கள். அடித்து விடுவார்கள் என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. சொன்னால் திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்கள் பக்கம் குரங்கும் அதிகம். அது கடித்தாலும் கீறினாலும் இதே கழுவல், இதே ஊசி. 10 நாள் கவனிப்பு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே.