காடைக்குப் புழு போட்டால் குடலில் என்ன நடக்கும்?

கால்நடை மருத்துவராக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் வீட்டுக் கொல்லையில் காடை வளர்க்கிறேன். பூச்சித் தீனைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இன்று பதில்.

கொடிகாமத்தில் இருந்து ஒரு தம்பி: சோயா விலை தாங்க முடியவில்லை ஐயா. கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவைக் காயவைத்துப் போடுகிறேன். குடலுக்கு நல்லது என்கிறார்கள், எப்படி?

'நல்லது' என்ற சொல்லைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்வோம், தம்பி. அந்தப் புழுவில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று லோரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட இருப்பதும் அதுதான். குளொஸ்ரீடியம் போன்ற பற்றீரியாக்களின் மேற்சவ்வை அது குலைக்கும். வயிற்றுநோய் தரும் சல்மனெல்லா பற்றீரியாவுக்கு வெளியே இன்னோர் உறை இருப்பதால் அதனிடம் அவ்வளவாக எடுபடாது.

மற்றது கைற்றின். இறால் கோதில் இருக்கிறதே, அது. புழுவின் தோலிலும் அதுதான். பறவையின் இரைப்பை அதில் கொஞ்சத்தைக் கரைக்கும். நுண்ணியதாக உடைந்த மிச்சத்தில் ஒரு பங்கு குருட்டுக்குடலுக்குள் போகும். பறவைக்குக் குருட்டுக்குடல் இரண்டு. தோசைமா இரவில் பொங்குவது போல, அங்கே பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துப் பியூற்றிரிக் அமிலத்தை விடும். குடலின் உட்சுவருக்கு அதுதான் சாப்பாடு.

ஆனால் கைற்றின் கூடினால் புரதம் செரிப்பது குறையும். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் காடைத் தீனில் நூற்றுக்கு 10, 15 பங்கு புழுமா கலந்து பார்த்து 2016இல் எழுதினார்கள், வளர்ச்சி குறையவில்லை. அது கொழுப்பு நீக்கிய மா. உங்களுடையது கொழுப்போடு இருப்பது, ஆகவே 5இல் தொடங்குங்கள். ஒரே நாளில் மாற்றாதீர்கள். குடலில் குடியிருப்பவை புதுச் சாப்பாட்டுக்குப் பழக ஒரு கிழமையாவது வேண்டும்.

நல்லூரில் இருந்து ஒரு ரீச்சர்: புழு கொடுக்கத் தொடங்கிய பிறகு மண்ணிறத்தில் களி மாதிரி எச்சம் போடுகின்றன. நாற்றம் வேறு. வயிற்றுப்போக்கா?

பெரும்பாலும் இல்லை ரீச்சர். அது குருட்டுக்குடல் காலியாகும் எச்சம், முன்பும் போட்டிருக்கும். இரவில் கூட்டுக்குக் கீழே பழைய பேப்பர் விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். வெள்ளைத் தொப்பி வைத்த கெட்டி எச்சங்களுக்கு நடுவே இடைக்கிடை இந்தக் களி கிடந்தால் சரி. எல்லாமே தண்ணீராக இருந்தாலோ இரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அச்சுவேலி: மீன் கழிவிலும் செத்த கோழியிலும் புழு வளர்க்கலாமா?

செத்த கோழியில் கூடவே கூடாது. ஒருமுறை என் கோழியொன்று வாழைக்குக் கீழே செத்துக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. மற்றவை அதில் நெளிந்த புழுக்களைக் கொத்தித் தின்றன. மறுநாள் ஆறு கோழி கழுத்தைத் தூக்க முடியாமல் மண்ணில் சாய்த்துக் கிடந்தன. பொற்றுலிசம், அதாவது செத்த உடலில் வளரும் பற்றீரியா விடும் நஞ்சால் தசை தளர்ந்துபோகும் நோய். அந்த நஞ்சு புழுவை ஒன்றும் செய்யாது, தின்ற பறவையைத்தான் சாய்க்கும். மருத்துவர் வீட்டிலேயே இப்படியா என்று அயலில் சிரித்தார்கள், நியாயம்தான்.

மீன் கழிவில் உப்பும் இருக்கும், சல்மனெல்லாவும் இருக்கலாம். திருநெல்வேலிச் சந்தையில் மிஞ்சும் மரக்கறி, பழத்தோல், பிண்ணாக்கு போதும். புழுவைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, பனையோலைப் பாயில் நன்றாகக் காயவிடுங்கள்.

வரணி: எங்கள் அப்பு கறையான் போட்டுக் கவுதாரிக் குஞ்சு வளர்த்தவர். நானும் காட்டில் பிடித்து வளர்க்கலாமா?

பிடிக்காதீர்கள். இலங்கையில் 1937ஆம் ஆண்டிலேயே வனசீவராசிகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

ஆனால் அப்புவின் கணக்குப் பிழையில்லை. கவுதாரிக் குஞ்சு முதல் கிழமைகளில் பெரும்பாலும் பூச்சியில்தான் வளரும், தானியமெல்லாம் அப்புறம். இன்னொன்று: இந்த இனப் பறவைகளைக் கூட்டில் மென்மையான தீனில் வளர்த்தால் குருட்டுக்குடல் காட்டுப் பறவையினதை விடக் குட்டையாகிவிடும். வேலை இல்லாத உறுப்பு சுருங்குகிறது. காடைக் குஞ்சுக்குக் கறையான் தாராளமாகப் போடுங்கள். பழைய பானைக்குள் ஈரச் சாணியும் பொச்சும் அடைத்துப் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது ஏறியிருக்கும்.

உடுப்பிட்டி: புழு போட்டால் அன்ரிபயோற்றிக்கை நிறுத்தலாமா?

நோய் இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், புழு போட்டாலும் போடாவிட்டாலும் நிறுத்துங்கள். நோய்க்குக் கொடுத்தால் சொன்ன நாள் முடியும்வரை கொடுக்கத்தான் வேண்டும். புழு தீன், மருந்தில்லை.

சுன்னாகம்: மஞ்சள் கரு வெளிறுகிறது. புழுதான் காரணமா?

சோளத்தைக் குறைத்துவிட்டுப் புழுவைக் கூட்டியிருப்பீர்கள். நிறம் சோளத்திலும் கீரையிலும் இருந்து வருவது. முருங்கை இலையை உருவிப் போட்டு இரண்டு கிழமை பாருங்கள்.