பழுதான பொருளைத் திரும்பப் பெற்ற பிறகு வாடிக்கையாளர்களை எப்படித் தக்கவைப்பது?

வீட்டு உபயோகப் பொருள்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் சேவைப் பிரிவில் வேலை பார்த்தபோது ஒரு ரீகாலை, அதாவது விற்ற பொருளைக் குறை காரணமாக நிறுவனமே திரும்ப அழைப்பதை, உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். பொருள் பழுதானதைக்கூடப் பலர் பொறுத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க அலைய வைத்ததைத்தான் பொறுக்கவில்லை.

போன் செய்தவர்களில் திட்டியவர்கள் குறைவு. "பில் தொலைந்துவிட்டது, எடுத்துக்கொள்வீர்களா?", "அதுவரைக்கும் இதைப் பயன்படுத்தலாமா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ரீகால் அறிவிப்பின் முதல் வரிகளிலேயே இதற்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் நிறுவனத்தின் தரப் பாரம்பரியம் பற்றி ஒரு பத்தி ஓடிக்கொண்டிருக்கும்! பில்லைக் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. பொருளிலேயே சீரியல் எண் இருக்கிறது, அது போதும்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் டொயோட்டாவின் சொகுசுக் கார் பிராண்டான லெக்ஸஸ். 1989-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே, பிரேக் விளக்கின் வயரிங், குரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) போன்றவற்றில் குறை தெரிந்து, சுமார் 8,000 எல்எஸ் 400 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். புத்தம் புதுப் பெயர், அத்தோடு கடையைக் கட்டியிருக்க வேண்டியதுதான். ஆனால் உரிமையாளர்களைத் தனித்தனியாகத் தொடர்பு கொண்டார்கள். பலருடைய வீட்டுக்கே போய்க் காரை எடுத்துச் சென்று, சரிசெய்து, கழுவி, பெட்ரோலும் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். கார் விலையோடு பார்த்தால் ஒரு டேங்க் பெட்ரோல் பெரிய செலவா? ஆனால் வண்டி வைத்திருப்பவர் நண்பர்களிடம் சொல்வது அதைத்தான்.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் சாம்சங் நோட் 7 போன். சில போன்கள் தீப்பிடித்ததால் 2016 செப்டம்பரில் ரீகால் அறிவித்து மாற்றுப் போன் கொடுத்தார்கள், அவற்றிலும் சில தீப்பிடித்தன. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் தவறை மன்னிக்கிறவர்கள்கூட இரண்டாவதை மன்னிப்பது கஷ்டம். அதனால் காரணம் உறுதியாகத் தெரியும்வரை மாற்றுப் பொருள் கொடுக்காதீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் 2017 ஜனவரியில், இரண்டு சப்ளையர்களின் பேட்டரிகளிலும் வெவ்வேறு குறைகள் இருந்தன என்று சாம்சங் விவரமாக வெளியிட்டது, புதிய சோதனை முறைகளையும் விளக்கியது. அதை நல்ல வேலை என்றே சொல்வேன்.

தள்ளுபடி கூப்பனை ரீகால் கடிதத்தோடு சேர்த்து அனுப்பாதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும். முதலில் அவர்கள் பணம் கைக்குப் போய்ச் சேரட்டும்.

இன்னொன்று, போன் எடுக்கும் ஊழியருக்கே பணத்தைத் திருப்பித் தர அனுமதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள். "மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டால், அதே வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடும்போது முதல் தடவை இருந்த நிதானம் இருக்காது.