இங்கிலாந்தில் வீட்டு ஜன்னலை மாற்றத் திட்ட அனுமதி தேவையா?

லண்டனில் பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட கவுன்சிலிடம் அனுமதி வாங்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனி வீடாக இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். புது ஜன்னல் பார்வைக்குப் பழையதைப் போலவே இருந்தால் போதும். பக்கச் சுவரில், மாடியில் புதிதாக ஜன்னல் திறந்தால் மட்டும் கவனம்: கண்ணாடி மங்கலாக இருக்க வேண்டும், திறக்கும் பகுதி அந்த அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் குளியலறை உங்கள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

ஃபிளாட் என்றால் கதை வேறு. இந்தச் சலுகை ஃபிளாட்டுக்குக் கிடையாது, அனுமதி தேவைப்படலாம். லீஸ் வீடு என்றால் ஃப்ரீஹோல்டரிடமும் (கட்டடத்தின் உரிமையாளர்) கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடத்தில் தனி ஒப்புதல் இல்லாமல் கை வைத்தால் அது குற்றமே. கன்சர்வேஷன் ஏரியாவிலும் (பழைய தோற்றத்தைக் காக்கும் பகுதி) சில தெருக்களில் ‘ஆர்ட்டிக்கிள் 4’ உத்தரவு, அதாவது அனுமதியில்லாமல் மாற்றும் சலுகையை நீக்கும் உத்தரவு இருக்கும். அங்கே முன்பக்க மரச்சட்டத்தை வெள்ளை பிளாஸ்டிக்காக மாற்ற விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

பலர் மறப்பது இதைத்தான்: திட்ட அனுமதி வேண்டாம் என்றாலும் கட்டட விதிகள் உண்டு. ஜன்னல் பொருத்துபவர்களுக்கான ஃபென்சா போன்ற திட்டத்தில் பதிவான ஆளை வைத்தால் அவர்களே சான்றிதழ் தருவார்கள். இல்லையென்றால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு நீங்களே சொல்லணும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கேட்பார்.