விளையாட்டு ரசிகர்கள் சமூக ஊடகத்தில் ‘பாய்காட்’ போட்டு புரமோட்டரைப் பணிய வைக்க முடியுமா?

முடியும். ஆனால் “பார்க்க மாட்டோம்” என்று டிரெண்ட் செய்வதால் புரமோட்டர், அதாவது போட்டியை நடத்திக் காசு பார்ப்பவர், பணிவது அபூர்வம். அவருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்தவர் நெளிய ஆரம்பித்தால்தான் வேலை நடக்கும். இது தெரியாமல் போடும் ஹேஷ்டேக் பெரும்பாலும் அவருக்கு ஓசி விளம்பரம்.

புரமோட்டரோடு ரசிகர்கள் விடாமல் மல்லுக்கு நிற்கும் இடம் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தம்தான். அங்கே யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே கம்பெனிதான் எழுதிவைக்கும். அதையே எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 12, திங்கட்கிழமை. அவர்களின் வருடாந்திரப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் 34-ஆவது பதிப்பில் பெண்களுக்கென ஒரு பேட்டில் ராயல் (பலர் ஒரே நேரத்தில் மோதும் ஆட்டம்) நடக்கும், அதற்கு ஃபேபுலஸ் மூலா பெயரைச் சூட்டுகிறோம் என்று அறிவித்தார்கள். மூலா பழைய சாம்பியன், 2007-இல் காலமானவர். தன்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களின் சம்பளத்தில் கைவைத்தார், அவர்களைச் சுரண்டினார் என்று அவர்மேல் வெகுநாளாகவே புகார்கள் உண்டு. ரசிகர்கள் கொதித்ததில் அதிசயமில்லை. ஆனால் இந்த முறை கம்பெனியைத் திட்டுவதோடு நிற்காமல், ஸ்பான்சரான ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்டின் கணக்கை டேக் செய்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஸ்னிக்கர்ஸைத் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனம் ‘இதை ஏற்க முடியாது’ என்று அறிக்கை விட்டது. வியாழக்கிழமை, 15-ஆம் தேதி, மூலாவின் பெயர் போய்விட்டது. மூன்றே நாள்.

சாக்லேட் கம்பெனிக்கு மல்யுத்தம் என்பது விளம்பர பட்ஜெட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத் தன் பெயர் கெடுவதை அது விரும்பாது. புரமோட்டர் ரசிகனின் கோபத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். ஸ்பான்சருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை 2015-இல் நடந்தது. ஜனவரி 25 அன்று, ஜெயித்தவருக்கு ரெஸில்மேனியாவின் முக்கிய ஆட்டம் கிடைக்கும் ராயல் ரம்பிள் போட்டியில், ரசிகர்களுக்குப் பிடிக்காத ரோமன் ரெயின்ஸை ஜெயிக்க வைத்தார்கள். அரங்கமே ஊளையிட்டது. நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்க அப்போது மாதம் 9.99 டாலர் கட்டிவந்த டபிள்யூ.டபிள்யூ.ஈ. நெட்வொர்க் சந்தாவை ரத்து செய்யுங்கள் என்ற ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. ரத்து செய்யும் பக்கமே திணறியது. இரண்டு நாள் கழித்து நிறுவனம் என்ன அறிவித்தது தெரியுமா? சந்தாதாரர்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று. ரெயின்ஸ் ரெஸில்மேனியா 31-இன் முக்கிய ஆட்டத்தில் அப்படியே நின்றார். (கடைசி நிமிடத்தில் செத் ராலின்ஸ் புகுந்து பட்டத்தைத் தட்டிச் சென்றது தனிக்கதை.) கோபத்தில் ரத்து செய்தவர்களில் எத்தனை பேர் ரெஸில்மேனியாவுக்குத் திரும்பாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? புரமோட்டரும் அதையே நினைத்திருப்பார்.

சில இடங்களில் எதுவுமே எடுபடாது. 2018 நவம்பர் 2 அன்று சவுதி தலைநகர் ரியாத்தில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நடத்திய கிரவுன் ஜூவல் நிகழ்ச்சி அப்படிப்பட்டது. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி சவுதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட பிறகு எவ்வளவோ எதிர்ப்பு. நட்சத்திர வீரர்கள் ஜான் சீனா, டேனியல் பிரையன் இருவரும் கலந்துகொள்ளவில்லை. நிகழ்ச்சி நடந்தது. பணம் கொடுத்தது சவுதி அரசுத் தரப்பு. ரசிகனின் பாக்கெட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகவே ஹேஷ்டேக் யோசிப்பதற்கு முன் புரமோட்டரின் வரவைப் பாருங்கள். டிக்கெட்டா, ஒளிபரப்பு உரிமையா, ஸ்பான்சரா, நடத்தும் ஊர்க்காரரின் பணமா? ஐ.பி.எல்.லில் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றுத் தீர்ந்தது. நீங்கள் இன்றைக்கு மேட்ச் பார்க்காவிட்டால் பி.சி.சி.ஐ.க்கு அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் குறையாது. உரிமை வாங்கியவருக்குத்தான் அடி. அதிலும் டிவியை அணைத்தால் கணக்கில் வருமா என்பதே சந்தேகம்: டிவி பார்ப்போரைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு நாடு முழுக்க 50,000 சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்துத்தான் டி.ஆர்.பி. எடுக்கிறது. உங்கள் வீட்டில் மீட்டர் இல்லையென்றால் நீங்கள் பார்த்ததும் ஒன்றுதான், பார்க்காததும் ஒன்றுதான். மொபைல் ஆப் அப்படியில்லை. ஒவ்வொரு திறப்பும் பதிவாகும். எனவே புறக்கணிப்பென்றால் ஆப்பைத் திறக்காமல் இருப்பதுதான் உருப்படியானது. “சும்மா ஸ்கோர் மட்டும் பார்த்தேன்” என்றாலும் அது ஒரு வருகைதான்.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக, ஒரே வாரத்தில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ‘நிர்வாகம் ஒழிக’ என்பதற்குப் பணிய வழியில்லை. ‘இந்தப் பெயரை மாற்று’, ‘இந்த விலையைக் குறை’ என்பதற்கு உண்டு. ஹேஷ்டேக்கும் ஒன்றே. நாலு பேர் நாலு எழுத்துக்கூட்டலில் போட்டால் எண்ணிக்கை சிதறிவிடும். டிரெண்டிங் பட்டியல் மொத்த எண்ணிக்கையை விட திடீர் வேகத்துக்கு மதிப்புக் கொடுப்பது. நாள் முழுக்கச் சொட்டுச்சொட்டாகப் போடும் 20,000 பதிவை விட ஒரு மணி நேரத்தில் கொட்டும் 5,000 மேலே ஏறக்கூடும். நேரம் குறித்துப் போடச் சொல்வது அதனால்தான். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது போடாதீர்கள். அது ‘எங்கள் நிகழ்ச்சிதான் நம்பர் ஒன் பேச்சு’ என்று புரமோட்டர் விளம்பரதாரருக்குக் காட்டும் ஸ்லைடில் போய் உட்காரும்.

ஸ்பான்சருக்கு எழுதும்போது வசை வேண்டாம். “உங்கள் பெயரில் நடக்கும் போட்டிக்கு இன்னார் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர்மேல் இப்படியொரு புகார் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குச் சம்மதமா?” இவ்வளவு போதும். ஆம் என்றும் சொல்ல முடியாது, பேசாமலும் இருக்க முடியாது. பொதுவில் டேக் செய்வதோடு வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். மின்னஞ்சலுக்குப் புகார் எண் விழும், யாராவது அதை மூடியாக வேண்டும். எல்லோரும் ஒரே வாசகத்தை நகலெடுத்து ஒட்டினால் ஸ்பேம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

வீரர்களையும் வர்ணனையாளர்களையும் போய்த் திட்டுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. எய்தவன் இருக்க அம்பை நோவது மட்டுமல்ல, அடுத்த நாள் செய்தி ‘ரசிகர்களின் அராஜகம்’ என்று திரும்பிவிடும். உங்கள் கோரிக்கை கடைசிப் பத்தியில்கூட இருக்காது.

இணையத்தை ஆள் திரட்ட மட்டும் பயன்படுத்தி வேலையை மைதானத்தில் முடிப்பது இன்னும் பலமானது. லிவர்பூல் கால்பந்து கிளப் அதிகபட்ச டிக்கெட்டை 77 பவுண்ட் ஆக்கப்போவதாக அறிவித்தபோது, 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தில் சரியாக 77-ஆவது நிமிடம் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். 2-0 என்று முன்னணியில் இருந்த அணி 2-2 என்று முடித்தது. நாலே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். டிவியில் காலி இருக்கை தெரிந்ததே, அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை.

புரமோட்டருக்கு இறங்கிவர ஒரு படியும் வேண்டும். 2024 பிப்ரவரி 2 அன்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரெஸில்மேனியாவின் முக்கிய ஆட்டத்திலிருந்து ரசிகர்களின் செல்லமான கோடி ரோட்ஸை ஓரங்கட்டி, சினிமாவுக்குப் போன பழைய நட்சத்திரம் ராக்கைக் கொண்டுவந்தபோது ரசிகர்கள் அந்தக் காட்சியின் யூடியூப் காணொளியில் டிஸ்லைக்கைக் குவித்தார்கள். டிஸ்லைக் எண்ணிக்கையை யூடியூப் 2021 நவம்பரிலிருந்து நமக்குக் காட்டுவதில்லை, சேனல்காரருக்குத் தெரியும். ஆறே நாளில், 8-ஆம் தேதி லாஸ் வேகாஸ் மேடையில் கோடி திரும்ப உள்ளே வந்தார். ராக்கை வில்லனாக்கிவிட்டார்கள். பணிந்ததில் நஷ்டமில்லை, லாபம்தான். அதனால் பணிந்தார்கள்.

ஜெயித்த பிறகும் கண் வைத்திருங்கள். 2020-இல் சீனாவுடனான கல்வான் எல்லை மோதலுக்குப் பின் எழுந்த எதிர்ப்பில், வருடத்துக்குச் சுமார் 440 கோடி கொடுத்துவந்த ஸ்பான்சரான சீன மொபைல் நிறுவனம் விவோவை பி.சி.சி.ஐ. அந்த வருட ஐ.பி.எல்.லிலிருந்து விலக்கி வைத்தது. அதன் இடத்துக்கு 222 கோடிக்கு ட்ரீம்11 நிறுவனம் வந்தது. ஹேஷ்டேக் போட்டவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2021-இல் கோப்பையின் பெயர் மறுபடி விவோ ஐ.பி.எல்.