மலை உச்சிக் கோயிலும் ஒரு போன் காலும்: தாய்லாந்து–கம்போடியா கேள்வி பதில்

இரண்டு நாடுகளுக்கும் இடையிலான எல்லைச் சண்டையைப் பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: இரண்டுமே பௌத்த நாடுகள். சிவன் கோயிலுக்காக ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?

சண்டை சாமிக்காக இல்லை, எல்லைக் கோட்டுக்காக. ப்ரியா விஹார் கோயில் டாங்ரெக் மலையின் விளிம்பில் இருக்கிறது. சயாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) அன்று கம்போடியாவை ஆண்ட பிரான்ஸும் செய்த 1904 ஒப்பந்தப்படி மலையின் நீர்பிரி மேடுதான், அதாவது மழைநீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும் முகடுதான், எல்லை. ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து 1907இல் அச்சிட்ட வரைபடத்தில் கோயில் கம்போடியப் பக்கம் விழுந்தது. அந்த வரைபடம் கைக்கு வந்ததும் சயாமின் உள்துறை அமைச்சர் இளவரசர் தம்ரோங் என்ன செய்தார்? நன்றி சொல்லி, இன்னும் 15 பிரதிகள் கேட்டார்!

சென்னையிலிருந்து: வழக்கு உலக நீதிமன்றம் வரை போனதே, அங்கே எதை வைத்துத் தீர்ப்பு சொன்னார்கள்?

தாய்லாந்தின் மௌனத்தை வைத்துத்தான். அதே தம்ரோங் 1930இல் கோயிலுக்குப் போனார். பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி ஒருவர் முறைப்படி வரவேற்றார். இவர் மறுப்பு சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் போட்டோக்கள் வேறு அனுப்பி வைத்தார். 1962இல் 9 நீதிபதிகள் கம்போடியா பக்கம், 3 பேர் எதிர்ப்பக்கம். விருந்தாளி வீட்டுக்காரருக்கு மரியாதை காட்டினால் வீடே அவருடையது என்று அர்த்தமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அரைநூற்றாண்டு சும்மா இருந்ததை நீதிமன்றம் சம்மதமாகவே எடுத்துக்கொண்டது.

தஞ்சாவூரிலிருந்து: அது சோழர் கட்டிய கோயில்தானே?

இல்லை. பழைய கம்போடியாவை ஆண்ட கெமர் அரசர்கள் கட்டியது, பெரும்பகுதி முதலாம், இரண்டாம் சூரியவர்மன் காலத்து வேலை. சோழர் தொடர்பு வேண்டுமென்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கம்போஜ (கம்போடிய) அரசன் நட்பு நாடி ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது.

கோவையிலிருந்து: ஒரு போன் காலால் தாய்லாந்துப் பிரதமர் பதவி போனது உண்மையா?

உண்மைதான். 2025 ஜூனில் பிரதமர் பேதோங்தான் ஷினவத்ரா கம்போடியாவின் பழைய தலைவர் ஹுன் சென்னிடம் போனில் பேசினார். ஹுன் சென் அவருடைய அப்பா தக்சினுக்கு நீண்டகால நண்பர், அதனால் 'அங்கிள்' என்று அழைத்தார். அதோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். எல்லையில் இருந்த சொந்த ராணுவத் தளபதியையே தனக்கு எதிரணிக்காரர் என்று சொல்லிவிட்டார். பேச்சு கசிந்தது, முழுப் பதிவையும் அந்த அங்கிளே வெளியிட்டார். கூட்டணியில் பெரிய கட்சி ஒன்று விலகியது, ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் பதவியைப் பறித்தது. என் கணிப்பில் அவர் விழுந்தது 'அங்கிள்' என்ற சொல்லால் அல்ல, ராணுவத்தைத் தொட்டதால். தாய்லாந்தில் அதைத் தொட்டு நிலைத்தவர்கள் குறைவு.

ஈரோட்டிலிருந்து: 2025 ஜூலையில் சண்டை தொடங்கியதும் அதே கோயிலில்தானா?

இல்லை, தா முவன் தோம் என்ற இன்னொரு சிவன் கோயில் அருகே. உள்ளே இருப்பது பாறையிலேயே அமைந்த சுயம்பு லிங்கம். பிப்ரவரியில் அங்கே கம்போடியர்கள் தேசிய கீதம் பாட, தாய்லாந்து வீரர்கள் தடுத்தார்கள். ஜூலை 24 அன்று துப்பாக்கிகள் பேசின.

பினாங்கிலிருந்து: ஆசியான் இருந்து என்ன பயன்?

நியாயமான எரிச்சல். ஆசியான் என்பது இந்த இருவரும் உறுப்பினராக உள்ள தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு; எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது அதன் வழக்கம். மலாயில் சொல்கிற முஷாவரா (கலந்து பேசுதல்), முஃபகாத் (ஒருமித்த முடிவு). அடிக்கிறவரும் அடிபடுகிறவரும் ஒரே மேஜையில் இருந்தால் கண்டனத் தீர்மானம்கூட வராது. ஆனாலும் அன்று தலைமையில் இருந்த மலேசியா ஜூலை 28இல் இருவரையும் புத்ராஜெயாவில் உட்கார வைத்தது. அக்டோபரில் டிரம்ப் முன்னிலையில் அமைதி உடன்பாட்டில் கையெழுத்தும் ஆனது. டிசம்பரில் மறுபடி குண்டு, மறுபடி போர்நிறுத்தம்.

திருச்சியிலிருந்து: ப்ரியா விஹாரைப் போய்ப் பார்க்கலாமா?

எல்லை நிலவரம் தெரியாமல் டிக்கெட் போடாதீர்கள். அப்புறம் ஒரு வேடிக்கை: கோயில் கம்போடியாவுக்கு, அதன் நீண்ட படிக்கட்டு இறங்குவதோ தாய்லாந்துப் பக்கம். கம்போடியப் பக்கமிருந்து போனால் செங்குத்தான ஏற்றம்.